ஜப்பானின் பழைய வெந்நீர் ஊற்று ஊர்களில் ஏதாவது ஒன்றுக்குப் போயிருக்கிறீர்களா? எல்லோர் முன்னாலும் உடையில்லாமல் குளிக்கக் கூச்சமாக இருக்காதா? அவ்வளவு செலவு செய்து போகலாமா?

குசாட்ஸுவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறை தனியாக. மூன்றாவது முறை, டோக்கியோவுக்கு என்னைப் பார்க்க வந்திருந்த அப்பா அம்மாவுடன், ஒரு நவம்பர் கடைசியில். உங்கள் முதல் கவலை கூச்சம் என்பதால் அதை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். கூச்சம் ஐந்து நிமிடம்தான். அதற்குள் சூடு பிடித்துக்கொள்ளும். பிறகு உடம்பில் துணி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் யாருக்கும் நினைவில் நிற்காது.

குசாட்ஸு டோக்கியோவுக்கு வடமேற்கே, குன்மா மாகாணத்து மலையில், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டோக்கியோவின் உயேனோ ஸ்டேஷனிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் நாகானோஹாரா குசாட்ஸுகுச்சி என்ற நீளமான பெயருடைய சின்ன ஸ்டேஷன் வரும். அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. பஸ் கதவு திறந்ததும் முதலில் வரவேற்பது கந்தக நெடி. அழுகிய முட்டை என்று எல்லோரும் எழுதுவார்கள். வீட்டில் முட்டையே வாங்காத அம்மா, "தீபாவளிக்கு மறுநாள் தெரு மாதிரி இருக்கிறது" என்றார். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

ஊரின் நடுவில் யுபாடாகே. கோயில் குளம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி பறக்கும் ஒரு பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'யு' என்றால் வெந்நீர். 'ஹாதாகே' (சேர்த்துச் சொல்லும்போது 'பாடாகே') என்றால் நிலம்; ஆனால் நெல் விளையும் நிலத்துக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது, இது காய்கறியும் பயறும் போடும் நிலம். நான் இப்படி விளக்கிக்கொண்டிருக்கும்போதே தஞ்சாவூர்க்காரரான அப்பா இடைமறித்தார்: "அதாவது நன்செய் இல்லை, புன்செய்." பிறகு கீழே பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணீர் ஓடுகிற புன்செய்யை இப்போதுதான் பார்க்கிறேன்."

அந்த ஒரு ஊற்றிலிருந்து மட்டும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் பொங்குகிறது. ஊரிலுள்ள எல்லா ஊற்றுகளையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல். மோட்டார் போட்டு இறைப்பதல்ல, தானாக வருவது. சென்னையில் இருபது வருடம் குடித்தனம் நடத்திய அம்மா இதை உடனே தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்: நிமிடத்துக்கு மூன்று லாரி. அன்று முழுவதும் எதைக் காட்டினாலும் அவருக்கு அந்த மூன்று லாரிதான் ஞாபகம்.

தண்ணீர் ஏழு மரத் தொட்டிகளில் நீளவாக்கில் ஓடி, சூடு கொஞ்சம் தணிந்து, கடைசியில் ஒரு சின்ன அருவியாக விழுகிறது. ஓடும்போது கந்தகம் தொட்டியின் அடியில் மஞ்சள் மாவாகப் படியும். அதைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, புட்டிகளில் விற்கிறார்கள். அதன் பெயர் யுநோஹானா, வெந்நீர்ப் பூ. நிலம் என்று பெயர் வைத்த பிறகு ஒரு விளைச்சலும் வேண்டும் அல்லவா? நடுவில் ஒரு பழைய மரச்சட்டம் தெரியும். ஜப்பானை ஆண்ட தொகுகாவா குலத்தின் எட்டாவது ஷோகுன், அதாவது ராணுவ ஆட்சியாளர், யோஷிமுனே இங்கிருந்து தண்ணீரை முகந்து எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, சுமக்க வைத்தார். அவருக்காக முகந்த இடம் அது. மலையிறங்கி அவ்வளவு தூரம் போய்ச் சேரும்போது தண்ணீர் ஆறிப்போயிருக்கும். மறுபடி காய்ச்சித்தான் குளித்திருக்க வேண்டும். பெரிய மனிதர்களின் வைத்தியம் எப்போதும் சுற்றி வளைத்துத்தான்.

இந்தத் தண்ணீர் சாதுவான தண்ணீர் அல்ல. இதன் அமிலத்தன்மை, pH கணக்கில், 2.1 அளவில் இருக்கிறது. எலுமிச்சைச் சாறும் அந்த அளவுதான். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், நல்ல புளிப்பு. முதல் முறை போனபோது காலையில் சவரம் செய்துகொண்டு போய் இறங்கிய முட்டாள் நான். கன்னத்தில் இருக்கிறது என்றே தெரியாத கீறல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து ஆஜர் கொடுத்தன. சோப்பு சரியாக நுரைக்காது. கண்ணில் பட்டால் எரியும். மலைமேல் இருக்கும் குசாட்ஸு ஷிரானே எரிமலைதான் இந்த ஊரின் அடுப்பு. அது அணைந்துபோன அடுப்பும் அல்ல. 2018 ஜனவரியில் அதன் ஒரு பகுதி வெடித்து, பனிச்சறுக்குத் தளத்தில் பயிற்சியில் இருந்த ஒரு ராணுவ வீரர் இறந்தார்.

ஊரைத் தாண்டி ஓடும் தண்ணீர் ஆற்றில் கலந்தால் மீன் இருக்காது, பயிருக்கு ஆகாது, பாலத்துக் கான்கிரீட்டையும் அரித்துவிடும். அதனால் 1964 முதல் சுண்ணாம்புக்கல்லை மாவாக்கிக் கரைத்து, இரவு பகல் நிறுத்தாமல் ஆற்றில் ஊற்றுகிறார்கள். அந்த ஆலையின் குழாயிலிருந்து வெள்ளை வெளேரென்று பால் மாதிரி ஆற்றில் விழுவதைப் பார்த்தேன். கீழே ஓர் அணை கட்டி, படியும் வண்டலைத் தேக்குகிறார்கள். ஓர் ஆற்றுக்குத் தினமும் மருந்து கொடுப்பது என்றால் இதுதான். சுற்றுலாக் கையேடுகளில் இதற்கு ஒரு வரிதான் கொடுத்திருப்பார்கள். எனக்கு ஊரிலேயே மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். யுபாடாகே ஊற்று ஐம்பது டிகிரிக்கு மேல். பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றலாமே என்று நமக்குத் தோன்றும். விட்டால் மருந்து நீர்த்துவிடும் என்பது அவர்கள் கட்சி. அதனால் ஆறடி நீளப் பலகையைத் தண்ணீரில் விட்டு, இடமும் வலமும் புரட்டிப் புரட்டி ஆற்றுகிறார்கள். இதற்கு யுமோமி என்று பெயர். இன்று அது ஒரு காட்சி. டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே பலகை போடுவார்கள். அவர்கள் பாடும் நாட்டுப்பாடலில், வைத்தியராலும் குசாட்ஸுத் தண்ணீராலும் தீர்க்க முடியாத ஒரே நோய் காதல் நோய் என்று ஒரு கருத்து வருகிறது. பசலை பூத்த தலைவியின் தோழியிடம் சொன்னால் இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்பாள். காட்சி இருபது நிமிடத்துச் சமாசாரம். போனால் பாருங்கள், அதற்காகவே போக வேண்டாம்.

அந்தப் பலகை முன்பு வேடிக்கைக்காக இருக்கவில்லை. நோயாளிகளே சேர்ந்து தண்ணீரை ஆற்றிவிட்டு, குளியல் தலைவர் ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாக இறங்கி, அசையாமல் மூன்று நிமிடம் இருந்துவிட்டு ஒன்றாக எழுவார்கள். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு டிகிரி. அசைந்தால் சுடும், பக்கத்தில் இருப்பவருக்கும் சுடும். 1876இல் டோக்கியோவுக்கு மருத்துவம் கற்பிக்க வந்த எர்வின் பெல்ஸ் என்ற ஜெர்மானியர் இந்த முறையை நேரில் பார்த்து ஆராய்ந்து, வெளிநாட்டாருக்கும் எழுதினார். சாய்நோகாவாரா பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

நாங்கள் போனது யுபாடாகேவின் ஓரத்திலேயே இருக்கும் ஷிராஹாதா நோ யு. ஊர்க்காரர்களுக்கானது, வெளியூர்க்காரர்களும் போகலாம், காசு கிடையாது. பெயருக்கு வெள்ளைக்கொடி என்று பொருள். மினமோதோ நோ யோரிதோமோ என்ற படைத்தலைவர் 12ஆம் நூற்றாண்டில் வேட்டைக்கு வந்தபோது கண்டெடுத்தது என்று கதை, அவர் குலத்தின் கொடி வெள்ளை. மரக்கட்டடம். மரத்தாலான இரண்டு தொட்டி. ஆடையைக் கழற்றி வைக்கச் சுவரில் ஒரு பலகை. குழாய், ஷவர், கண்ணாடி எதுவும் கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "நீ போய்விட்டு வா. நான் அம்மாவோடு கால் நனைத்துக்கொண்டு இருக்கிறேன்." யுபாடாகே அருகில் கால் மட்டும் வைத்துக்கொள்ளும் இலவசத் தொட்டி ஒன்று உண்டு, அம்மா அதில் ஏற்கெனவே இடம் பிடித்து, பக்கத்து ஜப்பானியப் பாட்டியோடு ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத பேச்சில் மூழ்கியிருந்தார். நான் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அப்பா, சின்ன வயதில் ஆற்றில் எப்படிக் குளித்தீர்கள்?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே மூன்று பேர். எங்களை ஒரு தடவை பார்த்தார்கள், தலையசைத்தார்கள், அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய ஒருவர் மட்டும் அப்பா நேராகத் தொட்டிக்குள் காலை விடப்போனதைப் பார்த்துவிட்டுக் கையால் தடுத்தார். ஒரு மரக்குவளையை அப்பாவின் கையில் கொடுத்து, தலையின் பின்பக்கத்தைக் காட்டினார். முதலில் காலுக்கு, பிறகு இடுப்புக்கு, தோளுக்கு, கடைசியில் பிடரியில் குவளை குவளையாக ஊற்றிக்கொள்ள வேண்டும். முப்பது முறை என்று விரலால் மூன்று பத்து காட்டினார். இது மரியாதைக்காக மட்டும் செய்வதல்ல. திடீரென்று சூட்டில் இறங்கினால் வரும் தலைச்சுற்றலுக்கு முன்னேற்பாடு. அப்பா எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டில் நிறுத்தப் பார்த்தார், பெரியவர் விடவில்லை. முப்பதும் ஊற்றிய பிறகுதான் தொட்டியைக் காட்டினார், அதுவும் சூடு குறைந்ததை. மற்றதில் நான் முழங்கால் வரை விட்டுப் பார்த்தேன். காலில் சாக்ஸ் போட்ட மாதிரி சிவப்புக் கோடு விழுந்தது.

அப்பா கழுத்து வரை மூழ்கி, கண்ணை மூடி, "சிவ சிவா" என்றார். பெரியவரும் ஏதோ முனகினார். இரண்டும் ஒரே பொருள் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று நிமிடத்தில் எழுப்பிவிட்டேன். வெளியே வந்து துடைத்துக்கொள்ளும்போதுதான் பார்த்தோம்: அவருடைய வெள்ளி அரைஞாண் கறுத்துப்போயிருந்தது. இரும்புச் சங்கிலி மாதிரி, ஓர் இடம் பாக்கியில்லாமல். கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும்; நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். பெரியவர் அதைச் சுட்டிக்காட்டிப் பெரிதாகச் சிரித்தார். இப்படி எத்தனை மோதிரங்களைப் பார்த்திருப்பாரோ. ஆகவே இதைப் படிக்கிற உங்களுக்கு: வெள்ளியில் எது இருந்தாலும் அறையில் வைத்துவிட்டுப் போங்கள். கொலுசு, மெட்டி, காப்பு, எல்லாம்.

அம்மா தாலியைக் கழற்ற மாட்டேன் என்பதால் கால் தொட்டியோடு நின்றுகொண்டார். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் சிக்கல். நாங்கள் தங்கிய விடுதியில் சைவம் என்று முன்பதிவின்போதே எழுதியிருந்தேன். கறி, மீன் துண்டு எதுவும் தட்டில் இல்லை. ஆனால் சூப், குழம்பு, ஊறவைத்த காய் எல்லாவற்றிலும் மீன் சாறு. ஜப்பானியச் சமையலில் தாஷி என்ற அந்தச் சாறு நம் வீட்டுத் தாளிப்பு போல, அதைச் சேர்த்ததாகவே அவர்கள் நினைப்பதில்லை. 'தாஷியும் கூடாது' என்று அந்தச் சொல்லைப் போட்டே கேளுங்கள். அன்று இரவு அம்மா சோறும், டோக்கியோவிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலும். சாய்நோகாவாராவுக்குப் போகும் தெருவில் கடைக்காரர்கள் ஆவி பறக்கும் மஞ்சு என்ற கொழுக்கட்டையைக் கையில் திணித்து, தேநீரும் கொடுப்பார்கள். உள்ளே சிவப்புப் பயறு பூரணம். அப்பா மேல்மாவைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தின்றார்.

இரவு ஒன்பது மணிக்குமேல் யுகாத்தா என்ற பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு யுபாடாகேவைச் சுற்றி ஒரு நடை போங்கள். பகல் கூட்டம் வடிந்திருக்கும். ஆவியில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பச்சையாக மிதக்கும். மரச்செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் காலத்தில் பனிக்காலம் வந்தால் ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டு அடிவாரக் கிராமங்களுக்கு இறங்கிவிடுமாம், வசந்தத்தில்தான் திரும்ப ஏறுவார்களாம். இப்போது மலையில் இன்னும் சூடான ஒரு ஊற்று, 95 டிகிரி, 1970இல் கந்தகச் சுரங்கம் தோண்டும்போது கிடைத்தது. அதன் சூட்டைக்கொண்டே வீட்டுக் குழாய் நீரைக் காய்ச்சுகிறார்கள், சாலைப் பனியையும் உருக்குகிறார்கள்.

மறுநாள் காலை ஒரு டாக்ஸி பிடித்து ஊருக்குக் கிழக்கே போனோம். இந்தப் பதிலை நான் எழுதக் காரணமே அதுதான். குசாட்ஸுவைப் பற்றித் தமிழில் நான் பார்த்த குறிப்புகள் எதிலும் இந்த இடம் இல்லை.

தோல் நோய்க்குப் பெயர்போன தண்ணீர் என்பதால் தொழுநோயாளிகள் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். 1869இல் ஊர் தீப்பிடித்து எரிந்த பிறகு, மீண்டெழ அவர்கள் வருகையும் ஊருக்குத் தேவைப்பட்டது. கொஞ்சம் வசதி வந்ததும், மற்ற விருந்தினர் முகம் சுளிக்கிறார்கள் என்று, 1887இல் அவர்களைக் கீழ்ப்புறம் ஆற்றோரமாக யுநோசாவா என்ற இடத்துக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட இடம்தான், ஆனாலும் அங்கே அவர்கள் கடை வைத்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், வரி கட்டினார்கள். 1916இல் கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி, அறுபதை நெருங்கும் வயதில் வந்து, தன் சொத்தைச் செலவழித்து அவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் குழந்தைகள் இல்லமும் நடத்தினார். அவரை அங்கே 'லீ காசாமா', லீ அம்மா, என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு அரசாங்கம் நாடு முழுவதும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்கும் கொள்கைக்கு வந்தது. 1932இல் குரியு ராகுசென்என் என்ற காப்பகம் இங்கே திறந்தது. 1941இல் யுநோசாவா கலைக்கப்பட்டது. காப்பகத்துக்குள் 1938 முதல் 1947 வரை ஒரு தண்டனைச் சிறை இருந்தது. பெயருக்குச் 'சிறப்பு நோயறை'. மருத்துவம் எதுவும் கிடையாது. நாட்டின் மற்றக் காப்பகங்களில் எதிர்த்துப் பேசியவர்களை, தப்பி ஓடியவர்களை, வழக்கு விசாரணை இல்லாமல் இங்கே அனுப்பினார்கள். 93 பேர் அடைக்கப்பட்டார்கள், 23 பேர் இறந்தார்கள். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும் இடம். அறையில் கணப்பு இல்லை. டோக்கியோ காப்பகத்தில் துணி துவைக்கும் வேலை செய்த ஒரு நோயாளி, ஓட்டையில்லாத ரப்பர் பூட்ஸ் கேட்டார். தொற்று நீரில் நின்று வேலை செய்கிறவர் கேட்டது அவ்வளவுதான். அவரை 1941இல் இங்கே அனுப்பினார்கள்; வெளியே விட்டுக் கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார்.

கட்டடத்தில் இன்று அடித்தளம் மட்டும்தான் மிச்சம். பக்கத்தில் 2014இல் திறந்த அருங்காட்சியகத்தில், சில அறைகளை நிஜ அளவிலேயே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் நிற்கலாம். சோறு தள்ளும் ஒரு துவாரம், மேலே ஒரு சின்ன ஜன்னல். அம்மா உள்ளே வரவில்லை. அப்பா போனார், நானும் போனேன். முதல் நாள் குளியல் தொட்டியில் நான் கண்ட மர வாசனையேதான் அங்கேயும்.

தொழுநோயாளிகளை இப்படி அடைத்துவைத்த சட்டம் எப்போது போனது தெரியுமா? 1996இல். மருந்து வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு. 2001இல் குமாமோதோ நீதிமன்றம் அரசின்மேல் தவறு என்று தீர்ப்பளித்தது, அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தான் சிறுவனாக இருந்தபோது ஆற்றுப் படித்துறைக்குத் தள்ளி, புளியமரத்தடியில் அப்படியொருவர் இருந்ததைச் சொன்னார். "காசு போடுவோம். கிட்டே போய்ப் போட மாட்டோம். தூரத்திலிருந்து வீசுவோம். அவர் பொறுக்கிக்கொள்வார்." என் இத்தனை வயதில் அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை.

செலவு கேட்டீர்கள். ரயிலும் ஓர் இரவு விடுதியும்தான் பெரிய செலவு. குளியலில் மிகச் சிறந்தவை இலவசம். ஷிராஹாதா கூட்டமாக இருந்தால் ஜிஸோ நோ யு, சியோ நோ யு இரண்டும் நடக்கிற தூரம். அதிகச் சூடு பயமென்றால் ஓதாகி நோ யுவுக்குக் காசு கொடுத்துப் போங்கள். படிப்படியாகச் சூடு ஏறும் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். பச்சை குத்தியிருந்தால் விடுதியில் முன்பே கேட்டுவிடுங்கள். மென்மையான தோல் என்றால் குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

அரைஞாண் விஷயம்: அன்றிரவே அம்மா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். கால் பாகம் வெளுத்தது. அதற்குள் பொட்டலம் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிவிட்டார். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீடியோ அழைப்பில் போன வாரம் கேட்டேன். இன்னும் முக்கால் பாகம் கறுப்புதானாம்.